கிழக்கு பிளாக்கின் பத்து நிமிடத் தண்ணீர்

கிழக்கு பிளாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் காய்ந்துபோயின. அவற்றுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டால், தண்ணீர் விட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு கோடை முழுக்க, மதிய ஓய்வு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், தினமும் பத்து நிமிடம். அதற்கான பழி என்மேல் விழவில்லை. என்னோடு ஒரே அறையில் படுத்து எழுந்த, நான் அண்ணே என்று கூப்பிடுகிற ஒருவர்மேல் விழுந்தது. விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் தைரியமாக விட்டுவிட்டுப் போகிற விஷயங்களை என்னால் விட முடிவதில்லை. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறப் போனவன் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். மனைவிக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, "சிலிண்டர மூடுனியா?"

"துபாயில உக்காந்துகிட்டு புதுக்கோட்டையில சிலிண்டர மூடுங்க. மனுசங்களப் பத்தி ஒரு வார்த்த கேட்டுறாதீங்க" என்பாள்.

சிரித்துவிட்டு, "மூடுனியா இல்லியா, அதச் சொல்லு" என்பேன்.

துபாயில் கட்டட வேலையில் நாலு வருடம் இருந்துவிட்டு, தோட்ட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கம்பெனிக்கு மாறினேன். படுக்கை சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில். சைட் அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், மணலுக்குள். தோட்டம் என்றதும் பூச்செடி, புல்தரை என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது மணல் மேடுகள்தான். அந்த மேடுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்று அடிக்கிற பக்கமாக நகர்ந்து, அந்தப்புறம் இருந்த ரோட்டையும் சில பண்ணைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தன. அதைத் தடுப்பதுதான் எங்கள் வேலை. பேரீச்சை மட்டைகளை மணலில் கட்டம் கட்டமாக நட்டு வேலி போடவேண்டும். மணல் கொஞ்சம் அடங்கியதும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மரக்கன்று. கன்றுக்குக் கன்று கறுப்புக் குழாய், அதில் சொட்டு விடுகிற டிரிப்பர்.

மரத்தின் பெயரைக் காஃப் என்றார்கள். இலையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அது வன்னி. எங்கள் பக்கத்தில் அதன் அடியில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். சுற்றி வந்து கும்பிடுகிற மரத்தை இங்கே வரிசை வரிசையாக மணலில் நட்டு நம்பர் போட்டிருந்தார்கள். முதல் நாள் யாரும் பார்க்காதபோது ஒரு கன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டார். ராமநாதபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். தண்ணீர் முழுக்க அவர் பொறுப்பு. மேட்டின்மேல் தொட்டி, தொட்டியிலிருந்து கிழக்கு பிளாக்குக்கு ஒரு வால்வு, மேற்கு பிளாக்குக்கு ஒரு வால்வு. எந்த வால்வை என்றைக்கு, எத்தனை மணி நேரம் திறப்பது என்பதை அவர்தான் பார்ப்பார். கிழக்கு பிளாக்கில் குழாயோரமாக நடந்து, அடைத்துக்கொண்ட டிரிப்பர்களைக் குத்திவிடுவது என் வேலை. மேற்கில் அதே வேலையை ஒரு பட்டான் பாய் செய்தார்.

"என்னப்பா, வேண்டுதலா?" என்றார் அண்ணன்.

"வன்னிண்ணே இது. சாமி மரம்."

"சாமி மரம்னா சாமி பாத்துக்கும். நீ டிரிப்பரப் பாரு."

முதல் கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். கன்றுகள் பிடித்துக்கொண்டன. இரண்டாவது கோடை பிறந்ததும் இஞ்சினியர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சூடான்காரர், உயரமான மனிதர், உடைந்த இந்தியில் பேசுவார். இனி வாரத்துக்கு ஒரு தடவை, அதன்பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஆனால் விடும்போது மணிக்கணக்கில் விடவேண்டும் என்றார். "பானி ஊப்பர், ஜட் ஊப்பர். பானி நீச்சே, ஜட் நீச்சே" என்று கையை மேலும் கீழும் காட்டினார். தண்ணீர் மேலே கிடைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும், ஆழத்தில் ஈரம் இருந்தால் அதைத் தேடிக் கீழே போகும் என்று அர்த்தம். மூன்றாவது கோடையில் இந்த இரண்டு பிளாக்குக்கும் தண்ணீரே கிடையாது, கலாஸ், முடிந்தது, மரம் தானாக நிற்கவேண்டும் என்றார். நின்றுவிட்டால் பக்கத்தில் இதைப்போல மூன்று மடங்கு பெரிய இடத்தில் வேலை தொடங்கும். அதற்கு அண்ணனை சார்ஜ்ஹேண்டாக, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவராக, போடச் சொல்லிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் தூங்கவில்லை. ஆறு வருடமாகக் குழாயோடு கிடந்தவர். மற்றவர்கள் லீவைப் பற்றிப் பேசும்போது இவர் எந்த வால்வு எத்தனை சுற்றில் திறக்கும் என்று பேசுவார். "பெரிய எடம்ப்பா. மூணு தொட்டி வரும். நானே லைன் இழுப்பேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கோ அந்தக் 'கலாஸ்' என்ற சொல்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆன முதல் மாதமே என் வரிசையில் இலைகள் உதிர ஆரம்பித்தன. அண்ணனிடம் காட்டினேன்.

"உதிரட்டும். எலையக் கொறச்சுக்கிட்டு வேர விடுது. எங்க ஊர்ல கருவேலத்துக்கு எவன் தண்ணி ஊத்துனான்? வெட்ட வெட்டல்ல வருது, சனியன்."

"அது கருவேலம்ண்ணே. இது பிள்ளை மாதிரி இருக்கு."

"அடப் போப்பா. பால் குடி மறக்கடிக்கையில பிள்ள அழத்தான் செய்யும்."

அவர் சொன்னது புரிந்தது. புரிந்தாலும் கேட்கிற மனசு எனக்கு இல்லை. கோடையில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது. எல்லோரும் ஏசி போட்ட கேபினுக்குள் போய், சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்துவிடுவார்கள். எனக்குக் கண் மூடாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கிழக்கு பிளாக் தெரியும். வெயிலில் அந்தக் கன்றுகள் நிழல்கூட இல்லாமல் நிற்கும். உள்ளே குளிரில் நான் படுத்திருப்பேன். ஒருநாள், கைகால் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் வால்வைத் திறந்தேன். தொட்டி மேட்டில் இருந்ததால் பம்ப்பே தேவையில்லை, தண்ணீர் தானாக இறங்கியது. குழாய்க்குள் அது ஓடுகிற சத்தம் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. போனில் பத்து நிமிடம் பார்த்து மூடிவிட்டு வந்து படுத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாளும் போனேன். பிறகு போகாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. நேற்று விட்டுவிட்டு இன்று விடாவிட்டால் ஏமாந்துபோகுமே என்று தோன்றும். பூட்டை இரண்டாவது தடவை இழுத்துப் பார்க்கிற அதே கை.

இலை உதிர்வது நின்றது. எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு பிளாக் பாயின் மரங்கள் மொட்டையாக நிற்க, என்னுடையவை பச்சென்று இருந்தன. போர்மேன் மலையாளி. அவர் வந்து பார்த்து, "கொள்ளாம், ஈஸ்ட் பிளாக் சூப்பர்" என்று என் தோளில் தட்டினார். டிரிப்பரைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததைப் பார்த்தேன். காலால் தள்ளிவிட்டேன்.

தொட்டி காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. தண்ணீர் விடாத நாட்களிலும் மட்டம் இறங்குகிறது என்று அண்ணன் கண்டுபிடித்தார். "எங்கேயோ லீக்கு இருக்குப்பா, வா" என்று என்னைத்தான் கூப்பிட்டார். மூன்று சாயங்காலம் குழாய் நெடுகிலும் குனிந்தபடி நடந்தோம். இணைப்பு ஒவ்வொன்றையும் மணலைத் தோண்டி எடுத்துக் கையால் தடவிப் பார்த்தார். அவருக்கு மூட்டு வலி. ஒவ்வொரு தடவை எழும்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவார். கிழக்கு வால்வைக் கழற்றி வாசரை மாற்றினார். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை மாற்றினார். இரண்டு தடவையும் பைப் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"ராத்திரியில ஏதும் கசியுதோ என்னவோ" என்றார்.

"இருக்கும்ண்ணே" என்றேன்.

அந்த 'இருக்கும்ண்ணே'வை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. கிழக்கு வால்வில் கசிவு இருக்கிறது, புது வால்வு வேண்டும் என்று அண்ணன் போர்மேனிடம் சொன்னார். போர்மேன், "நோக்காம்", பார்க்கலாம் என்று சொன்னதோடு சரி.

குளிர் மாதங்கள் வந்தன. வெயில் தணிந்ததும் என் பதற்றமும் தணிந்தது, வால்வுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். அடுத்த கோடை தொடங்குமுன் இஞ்சினியர் சொன்னபடியே கலாஸ். வால்வுகளையும் குழாயையும் கழற்றி எடுத்தார்கள். திறப்பதற்கு இனி எதுவும் இல்லை. ஐந்து வாரத்தில் என் மரங்கள் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தன. பிறகு ஷமால் என்கிற வடமேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், கிழக்கு பிளாக்கில் பாதிக்குமேல் மரங்கள் சாய்ந்து கிடந்தன, வேரோடு. மட்டை வேலியைத் தாண்டி மணல் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது. மேற்கு பிளாக்கில் பத்துப் பன்னிரண்டு பட்டுப்போயிருந்தன. மற்றவை அந்த மொட்டைக் கிளைகளில் துளிர் விட்டு நின்றன.

இஞ்சினியர் ஒரு மரத்தைத் தூக்கிக் காட்டினார். தோண்டவே வேண்டியிருக்கவில்லை. டிரிப்பர் இருந்த இடத்தைச் சுற்றி, ஒரு சாண் ஆழத்துக்குள், வேர் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடந்தது. கீழே போக வேண்டிய வேர் அரையடியில் நின்றிருந்தது. மேல் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "நமக்" என்றார். உப்பு. எங்கள் தொட்டிக்கு வருவது கிணற்றுத் தண்ணீர், உவர். மணிக்கணக்கில் விட்டால் உப்பை அடித்துக்கொண்டு வேருக்கும் கீழே போய்விடும். கொஞ்சமாக விட்டால் வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை மேலேயே வைத்துவிட்டுப் போகும். நான் காலால் தள்ளிவிட்ட வெள்ளை அதுதான். அந்தக் கோடை முழுக்க அவற்றுக்கு நான் உப்பைத்தான் ஊட்டியிருக்கிறேன்.

"தினமும் இங்கே கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. எப்படி?" என்று இஞ்சினியர் கேட்டார்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ஏட்டா, வால்வு லீக்குன்னு நீதானே பறஞ்சது?" என்றார் போர்மேன்.

"ஆமா சார். வாசர் மாத்தினேன். மறுபடியும் மட்டம் எறங்குச்சு."

"பின்னே எந்தா நிறுத்தாதெ விட்டது?"

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த வேர்க்கண்டையே பார்த்தார். "என்னால கண்டுபிடிக்க முடியல சார். என் தப்புதான்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நான்கு வார்த்தை போதும். பயந்தேன் என்று மட்டும் சொன்னால் அது முழுசும் இல்லை. ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவர் 'என் தப்புதான்' என்று சொன்ன அந்த நொடியில், வால்வை மூடிவிட்டு வந்து படுத்தபோது வந்த அதே நிம்மதி எனக்கு வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

புது இடத்துக்கு வேறொருவரை சார்ஜ்ஹேண்டாகப் போட்டார்கள். அண்ணனை ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸுக்கு, பெட்டி ஏற்றி இறக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அறையைக் காலி செய்த அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே, "நீ பூட்டுன பூட்டயே இழுத்துப் பாக்குறியேன்னு கேலி பண்ணுவேன்ல. உன்ன மாதிரி நானும் ஒரு தரம் திரும்பப் போய்ப் பாத்துருக்கணும்ப்பா" என்றார். அவருடைய பைப் ரெஞ்ச் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இனி எதற்கு என்று விட்டுவிட்டுப் போனார்.

நான்கு மாதம் அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவருக்குப் போன் செய்தால், பெட்டியைப் பற்றியோ மூட்டு வலியைப் பற்றியோ பேசமாட்டார். "அந்த லீக்கு எங்க இருந்துருக்கும்ங்கிற?" என்பார். தொட்டி அடியில் இருந்திருக்குமோ, வால்வின் உள் கதவு தேய்ந்திருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காரணம் வைத்திருப்பார். ஒருநாள், "வேர்ஹவுஸ் பாத்ரூம்ல பைப்பு சொட்டுச்சு. ஏதாவது பாருங்கன்னு சொன்னாங்க. தொடவே பயமா இருக்குப்பா, கை மறந்துபோச்சு" என்றார். அத்தனை வருடம் அந்தக் கை மறக்கவில்லை. நான் மறக்கவைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு ஜெபல் அலிக்குப் போனேன். மெட்ரோவில், அங்கிருந்து பஸ்ஸில். கேம்ப் சமையல்கட்டில் அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கறி வேகிற வாசனை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அண்ணே, லீக்கு இல்லண்ணே."

"எது?"

"கிழக்கு வால்வுல லீக்கே இல்ல. நான்தான் தொறந்தேன்."

கத்தி நின்றது. "எத்தனை நிமிசம்?" என்றார்.

"பத்து."

"தெனமுமா?"

"தெனமும்ண்ணே. மத்தியானம், எல்லாரும் படுத்த பெறகு."

"மத்தியான வெயில்ல" என்றார், அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பதுபோல. பிறகு, "வாசர ரெண்டு தரம் மாத்துனேன்."

"ஆமாண்ணே."

"நீ ரெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்ன."

"ஆமாண்ணே."

என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்ப வால்வு நல்லாத்தான் இருந்துருக்கு" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். மறுபடி வெங்காயத்தை வெட்டினார். கறி இறக்கும்வரை அங்கேயே நின்றேன். தட்டுகள் வந்தன, மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் சோற்று நேரத்தில் வந்து நிற்கிறவனை, விரோதியானாலும், சாப்பிடு என்று சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். ரெஞ்சை மேடைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசல்வரை வந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

மறுநாள் காலை, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே இஞ்சினியரிடம் போனேன். எனக்கு இந்தி அரைகுறை. வால்வு திறப்பதுபோல் கையைச் சுற்றிக் காட்டி, பத்து விரலையும் விரித்து, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரிய நேரமானது. புரிந்ததும், "க்யோன்?" என்று கேட்டார், ஏன் என்று. எனக்குத் தெரிந்த ஒரே சொல், "டர்." பயம். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "மரம் செத்துவிடுமோ என்று பயந்து, நீயே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார், என்னை அப்பால் போகச் சொல்லிவிட்டு.

போர்மேன் எல்லோர் முன்னாலும் கத்தினார். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அண்ணனுடைய தப்பு எதுவும் இல்லை என்று ஆபீசுக்கு இஞ்சினியர் எழுதிக்கொடுத்தார். ஆனால் சார்ஜ்ஹேண்ட் இடத்தில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. வேண்டுமானால் ஹெல்பராக வரலாம் என்றார்களாம். "நான் சரியாப் பண்ணுன வேலைக்கு ஹெல்பரா வரணுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் ஜெபல் அலியிலேயே இருந்துவிட்டார். அவருக்கு அந்த மூன்று தொட்டிகள் இல்லை என்று ஆனது ஆனதுதான். நான் சொன்னது நான்கு மாதம் பிந்திப்போயிருந்தது.

கிழக்கு பிளாக்கில் குழாயும் வால்வும் மறுபடி போட்டு, திரும்பக் கன்று நட்டோம். முதலில் மணிக்கணக்காகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கவேண்டியிருந்தது. குழி அத்தனையும் என்னைத்தான் வெட்டவைத்தார் போர்மேன். கன்று பிடித்து ஒரு கோடை தாண்டியது. இது இரண்டாவது கோடை. வால்வு என் பொறுப்பு, இஞ்சினியர் அப்படிச் செய்தார். தண்டனையா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆனதிலிருந்து, மதிய ஓய்வு நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வருகிறது. நல்லாயிருக்கியா என்று அவர் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை. இன்றைக்கும் வந்தது.

"எத்தனை நாளாச்சு தண்ணி விட்டு?"

"பதினொண்ணுண்ணே."

"எல?"

"உதிருது."

"உதிரட்டும். தொடாத."

வைத்துவிட்டார். கேபினில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணி ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.